மூன்றாவது சக்கரம்

போன வாரம் கீழ ராஜ வீதிக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூட்டுக்குத் தைலம் என்று என் வயதுக்காரர்களுக்கு உள்ள வழக்கமான பட்டியல்தான். கடைப்படியில் இருந்து இறங்கி, சீட்டைப் பார்த்துக்கொண்டே தெருவில் கால் வைத்தேன். பின்னால் ஹாரன் சத்தம். "தாத்தா, பாத்து வாங்க! ஓரமாப் போங்க!" என்று ஒரு அதட்டல்.

திரும்பினால், இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. வண்டியின் ஓரத்தில் ஊன்றுகோல் இரண்டையும் கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். முன்னால் கூடை, அதில் சாப்பாட்டுப் பை. என்னைக் கடந்து நேராகப் போய், சந்து முனையில் கைகாட்டி வலது பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

தெருவில் ஒரு சின்னப் பெண் அதட்டினால் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. காரணத்தைச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன் மூன்றாவது சக்கரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மனிதன் தன் பலத்தால் தானே ஓட்டிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டியை முதலில் செய்தவர்களில் ஒருவர், நடக்க முடியாத ஒரு மனிதர். ஜெர்மனியில் நூரெம்பர்க் அருகே ஆல்ட்டோர்ஃப் என்ற ஊரில் ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரத் தொழிலாளி இருந்தார். கால்கள் விளங்காதவர். 1655ஆம் ஆண்டு, தன் 22ஆம் வயதில், கடிகாரப் பற்சக்கரங்களின் கணக்கை வைத்து, கையால் சுற்றினால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தனக்காகச் செய்துகொண்டார். நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிறார்களே, கையால் மிதிக்கும் சைக்கிள், அதற்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. இரண்டு சக்கர சைக்கிள் வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது இது.

அடுத்தது இங்கிலாந்து. 1870களில் அங்கே ஓடிய சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவு. அந்தக் காலத்துப் பெண்கள் தரை தொடும் பாவாடையோடு அதில் ஏறுவது நடக்காத காரியம். கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் உட்கார்ந்து மிதிக்கும் முச்சக்கர வண்டிகளைச் செய்தார். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் வண்டி திரும்பாமல் அடம்பிடிக்கும். அதற்காக 1877இல் அவர் சேர்த்த ஏற்பாடுதான் டிஃபரன்ஷியல் கியர். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் ஆட்டோவுக்குள்ளும் லாரிக்குள்ளும் இருப்பது அதே தத்துவம்தான். 1881இல் விக்டோரியா மகாராணி, தன் குதிரை வண்டிக்கு முன்னால் ஒரு பெண் இந்த வண்டியில் விர்ரென்று போவதைப் பார்த்துவிட்டு, இரண்டு வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார் என்று சொல்வார்கள். மகாராணியே வாங்கிய பிறகு மற்றப் பெண்கள் ஓட்டினால் யார் வாய் திறப்பார்கள்?

மூன்றாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதுவும் ஜெர்மனிதான். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29ஆம் தேதி தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதைக் காருக்கெல்லாம் தாய் என்று சொல்கிறோம். ஆனால் அதற்குச் சக்கரம் மூன்றுதான். முன்னால் இரண்டு சக்கரங்களைச் சேர்த்துத் திருப்பும் கணக்கு அப்போது அவருக்குக் கைகூடவில்லை. அதனால் முன்னால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வண்டியை வாங்க ஆள் வரவில்லை. பென்ஸ் நல்ல மூளைக்காரர், ஆனால் வியாபாரத்தில் தயக்கம் அதிகம். அவர் மனைவி பெர்த்தா, தன் சீதனப் பணத்தை அந்தத் தொழிலில் போட்டவர். பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமல், பதின்வயது மகன்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பெர்த்தா அந்த முச்சக்கர வண்டியில் கிளம்பிவிட்டார். மன்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கே போனார் தெரியுமா? அம்மா வீட்டுக்கு! வழியில் பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊர் மருந்துக் கடையில், துணிக் கறை போக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார். திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னதாகவும், அவர் அதைச் செய்ததாகவும் வரலாறு.

உலகத்தில் மோட்டார் வண்டியை முதலில் நெடுந்தூரம் ஓட்டியவர் ஒரு பெண். ஓட்டிய வண்டிக்குச் சக்கரம் மூன்று. வீட்டு ஆணிடம் அனுமதி கேட்கவில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தங்கை 1959இல் பிறந்தவள். எனக்கு ஏழு வயது இளையவள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. இன்றைக்கும் அதுதான் பெயர். இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியபோது கால்கள் இரண்டும் துவண்டுவிட்டன. இளம்பிள்ளை வாதம். அந்தக் காய்ச்சலுக்கு அம்மா ஊசி போடக் கூட்டிப் போயிருந்தார். போலியோ கிருமி உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் வாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவ உலகில் தெரிந்த விஷயம்தான்; எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? அம்மா கடைசிவரை "நான்தான் தூக்கிட்டுப் போனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாக் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசி 1955லேயே வந்துவிட்டது. நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்து சேர்ந்தது 1979இல். ஒரே நாளில் நாடு முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்கும் பல்ஸ் போலியோ 1995இல் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டியபோது பாப்பா, "அம்பது வருஷம் லேட்டா வந்துட்டான் அண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு வயதுவரை அம்மா இடுப்பில்தான் பள்ளிக்கூடம் போனாள். அதற்கப்புறம் என் சைக்கிள் கேரியர். படித்தாள், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தாள், 1984இல் ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. காலையில் நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வங்கிக்குப் போவேன். நான் வெளியூர் மாறுதலில் இருந்த ஆண்டுகளில் மாதக் கணக்குக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரருக்குக் காய்ச்சல் என்றால் பாப்பாவுக்கு லீவு. கான்பூர் அலிம்கோவில் செய்யும் கைச் சைக்கிளும் பிற்பாடு ஒன்று கிடைத்தது. சமதரையில் பரவாயில்லை, மேடு வந்தால் தோள் இற்றுவிடும். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிடும் என்பதால் அதைத் தெருமுனையோடு நிறுத்திக்கொண்டாள்.

1991ஐ நம் புதுக்கோட்டைக்காரர்கள் மறக்க முடியாது. அறிவொளி இயக்கம் வந்த வருடம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் சாயங்காலம் ஆனால் மைதானத்தில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோய், பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதுவே வசதி என்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது பாடப்புத்தகம்வரை போயிருக்கிறது.

எங்கள் தெருவிலும் தினமும் பெண்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், சிரித்தார்கள். என் மனைவியும் பழகினாள். பாப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "அண்ணி, நேரா பாருங்க, கீழ பாக்காதீங்க" என்று யோசனைகூடச் சொல்வாள். ஊர் முழுக்கப் பெண்கள் கிளம்பிவிட்ட வருடத்தில், திண்ணையில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

பெண்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் மோட்டார் வண்டி எட்டாமல் இருந்ததற்கு வண்டியின் அமைப்பும் ஒரு காரணம். பஜாஜ் சேத்தக்கை நினைத்துப் பாருங்கள். சாய்த்து உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இடது கையில் கிளட்சைப் பிடித்துக் கியரை முறுக்க வேண்டும். பின் பிரேக் வலது காலில். டிவிஎஸ் 50 என்றால் பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது, பொத்தானை அமுக்கினால் ஸ்டார்ட். பல பெண்கள் அதனால்தான் ஸ்கூட்டருக்கு வந்தார்கள். கால் முடியாதவர்களுக்கும் அந்தப் பொத்தான்தான் கதவைத் திறந்துவிட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு சிக்கல்: வண்டி நின்றால் கால் ஊன்ற வேண்டும்.

அதற்கு விடை சொன்னவர்கள் லேத் பட்டறைக்காரர்கள். பின் சக்கரத்தின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் கொடுத்து, ஸ்பிரிங் வைத்து, ஆளுக்கொரு சின்னச் சக்கரம் மாட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் நான்கு சக்கரம். ஆனால் மூன்று சக்கர ஸ்கூட்டர் என்றுதான் ஊரெல்லாம் சொல்கிறது. பின்னால் இருப்பதை ஒரே கணக்கில் இரண்டாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

1998இல் பாப்பா யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தாள். 18,000 ரூபாய்க்குப் பழைய கைனடிக் ஹோண்டா. பக்கச் சக்கரத்துக்கு 4,500. சம்பளத்தில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். "ரோட்டுல லாரி வருது, பஸ் வருது, உனக்கு எதுக்கும்மா இது?" என்றேன். "அதே ரோட்டுலதான் அண்ணே நீங்களும் போறீங்க" என்றாள்.

சரி, ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். இருபது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவன் இல்லையா! எல்.எல்.ஆர். எடுத்து, பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில். நான் இருந்தால்தான் வண்டி நகரும் என்பது சட்டம்.

இரண்டாம் வாரம் விழுந்தாள். வலது பக்கம் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி இடது பக்கம் சாய்ந்து, முழங்கையில் நான்கு தையல். அன்றைக்கே வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். "போதும்" என்றேன். பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் ஸ்கூட்டரின் பின்னால் பழையபடி உட்கார்ந்துகொண்டாள். அப்படியே நான்கு மாதம் போயிற்று.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "ஏன்டா, நான் தூக்குனேன். அப்புறம் நீ தூக்குன. நீ போனப்புறம் யாருடா தூக்குவா?" அப்போது அம்மாவுக்கு எழுபது வயது. கையில் சோற்றை வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்தேன். அவளை ஏற்றுவதற்கு முன் நானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அதுவரை நான் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை! மைதானத்தில் கிளப்பி, இடது பக்கம் திரும்ப வழக்கம்போல உடம்பைச் சாய்த்தேன். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் வேப்பமரத்தில் முட்டியது. தெருப் பிள்ளைகள் கைதட்டின.

அப்போதுதான் புரிந்தது. இரண்டு சக்கர வண்டியில் நாம் சாய்ந்தால் வண்டியும் சாயும், சாய்ந்தால் திரும்பும். கைப்பிடியை நாம் திருப்புவதே குறைவு. பக்கச் சக்கரம் போட்ட வண்டி சாயாது. கைப்பிடியை ஆட்டோ மாதிரி நன்றாகத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி வெளிப்பக்கம் தள்ளும். அதனால் உடம்பை மட்டும் உட்பக்கம் கொண்டுவர வேண்டும். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? "சாய்ஞ்சாப் போதும், வண்டி தானாத் திரும்பும்" என்பது. அவள் சாய்ந்து பார்த்து, திரும்பவில்லை என்று பதறி, கடைசி நேரத்தில் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். அவளை விழவைத்தது லாரியும் இல்லை, அவள் காலும் இல்லை. என்னுடைய இருபது வருட அனுபவம்!

இதைச் சொன்னபோது பாப்பா, "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. நீங்க சொன்னா கேக்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். நான்கு மாதம் அதை மனதிலேயே வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் வாத்தியார் வேலையை விட்டுவிட்டேன். அவளே பழகினாள். முதலில் நேராக ஓட்டி நிறுத்துவது. பிறகு செங்கல் இரண்டை வைத்து எட்டுப் போடுவது. ரோட்டின் ஓரம் சாய்வாக இருந்தால் கைப்பிடி இடது பக்கம் இழுக்கும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். நடுச்சக்கரம் பள்ளத்துக்கு நேராக வந்தால், பக்கச் சக்கரங்கள் மேட்டில் நின்றுகொண்டு நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அதனால் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். இரண்டு சக்கரப் பழக்கம் அவளுக்கு இல்லாததால் மறக்க வேண்டியதும் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

லைசென்ஸும் வாங்கினாள். சோதனை செய்த ஆய்வாளர் ஒன்றுக்கு இரண்டு தடவை எட்டுப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓட்டுறீங்கம்மா" என்றார். அட்டையில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று இருந்தது. பிரிட்டிஷ்காரர்களின் சட்டத்தில் இருந்து வந்த சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில், கால் முடியாதவர்களுக்கு 'இன்வாகார்' என்ற நீல நிற முச்சக்கர வண்டியை அரசாங்கமே கொடுத்தது. பெர்ட் கிரீவ்ஸ் என்ற மெக்கானிக், முடக்கு வந்த தன் உறவினருக்காகச் செய்ததில் தொடங்கிய வண்டி அது. சொல் நமக்கு வந்தது, வண்டி வரவில்லை! பாப்பா அந்த அட்டையைப் படித்துவிட்டு, "இன்வாலிட்னா செல்லாததுன்னு தானே அண்ணே அர்த்தம்? செல்லாத வண்டியில நான் செல்லப் போறேன்" என்றாள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற பொருள் வரும்படி மாற்றினார்கள். நல்ல காரியம்.

லைசென்ஸ் வந்தும் சாவி மட்டும் என் பையில்தான் இருந்தது. பழக்கம் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வங்கியில் கணக்கு நேராகவில்லை, வீடு வர மணி எட்டரை ஆகிவிட்டது. வாசலில் வண்டியைக் காணோம். பாப்பாவையும் காணோம். அம்மா நிதானமாக வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "கோகர்ணம் கோயிலுக்குப் போயிருக்கா" என்றார். "சாவி என்கிட்ட இருக்கே!" என்றேன். "அவ வேற சாவி போட்டு ஒரு மாசம் ஆச்சு" என்றார்.

தெருமுனையில் போய் நின்றேன். என்னென்ன கற்பனை வரவேண்டுமோ எல்லாம் வந்தது. ஒன்பது மணிக்கு ஒரு விளக்கு தெரிந்தது. விபூதி பூசிக்கொண்டு, மடியில் தேங்காய் மூடி, பூவோடு பாப்பா வந்து நிறுத்தினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"வழியில ரயில்வே கேட் போட்டுட்டான் அண்ணே. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் லாரி, பைக், டிவிஎஸ் 50 எல்லாம் நிக்குது. எல்லாரும் கால ஊனிக்கிட்டு நின்னாங்க. நான் ஒருத்திதான் கால் ஊனாம நின்னேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "வேண்டாம், என்கிட்ட இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும், ஸ்பேர்" என்றாள்.

பெர்த்தா பென்ஸின் கதையைப் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ராத்திரிதான். கார்ல் பென்ஸும் என்னைப்போல் தெருமுனையில் நின்றிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தந்தியாவது வந்தது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தகுதி உள்ளவர்களுக்குத் தமிழக அரசே இலவசமாகக் கொடுக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் 2018இல் வந்தது. கனடாவில் பாம்பார்டியர் குடும்பத்து நிறுவனமாக இருந்த பி.ஆர்.பி., 2007இல் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று 'ஸ்பைடர்' என்ற பெரிய மோட்டார் சைக்கிளையே கொண்டுவந்தது. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்தால் திரும்பும்போது பிரேக் பிடிக்கையில் வண்டி ஓரத்தில் கவிழப் பார்க்கும். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு இருந்தால் அந்தப் பயம் குறைவு. வண்டியின் கனத்தைக் காலால் தாங்க வேண்டாம் என்பதால், இரண்டு சக்கரத்துக்குப் பயந்த எத்தனையோ பெண்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள்கூட, அதை ஓட்டுகிறார்கள்.

எல்லா ஊரிலும் விஷயம் ஒன்றுதான். ஓடும்போது யாருக்கும் பயம் இல்லை. நிற்கும்போது விழுந்துவிடுவோமோ என்பதுதான் பயம். மூன்றாவது சக்கரம் அந்த ஒரு பயத்தை எடுத்துவிடுகிறது. மற்றதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

அம்மா 2006இல் காலமானார். பாப்பா 2017இல் ஓய்வு பெற்றாள். கைனடிக் ஹோண்டாவுக்குப் பிறகு இப்போது வைத்திருப்பது மூன்றாவது வண்டி. எனக்குப் போன வருடம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்கூட்டரைத் தொடக்கூடாது என்று பிள்ளைகள் உத்தரவு. நவம்பர் மாதம் பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டோவுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். பாப்பா வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். "ஏறுங்க அண்ணே. சாயாம நேரா உக்காருங்க, இது சாயுற வண்டி இல்ல" என்றாள்.

உட்கார்ந்தேன். வழியில் சிக்னலில் வண்டி நின்றது. பழக்கதோஷம், கால் தானாகக் கீழே போனது. "எதுக்கு அண்ணே கால ஊனுறீங்க? மேல வைங்க" என்றாள். வைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாப்பா இருக்கலாம். அவள் வண்டிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.